ஏனுங்க கிளப்பிய விமானம்

சேர்வராயன் மலையில் அந்த மனிதரிடம் கேள்வி வாங்காத ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. மனுஷர்கள், மாடுகள், எஸ்டேட் ஜீப், சேலத்திலிருந்து ஏறி வருகிற பஸ் என்று எல்லாமே ஏதாவது ஒரு நாள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எஸ்டேட் ரெஜிஸ்டரில் அதை எழுதியும் வைத்திருந்தார்கள். யாரும் அதைப் படித்ததில்லை. எங்களுக்கு அவர் 'ஏனுங்க'.

எங்கள் பக்கத்தில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் 'ஏனுங்க' என்போம். கூப்பிடுகிறோம், அவ்வளவுதான். அதில் கேள்வி எதுவும் கிடையாது. அவர் சொன்னால் மட்டும் அது நிஜமான கேள்வி. பதில் வரும்வரை இடத்தை விட்டு நகர மாட்டார்.

ஒருமுறை பஸ் கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். இவர் மட்டும் பாறை மேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கண்டக்டரை விசாரித்தார். "நிக்கறதுக்கு முன்னால என்னங்க பண்ணுச்சு?"

கண்டக்டர் வியர்வையைத் துடைத்தபடி, "நீங்க ஏறுனீங்க" என்றார்.

இவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மஞ்சக்குட்டையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய், கிடத்தியிருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூத்த மகனைத் தனியே கூப்பிட்டு இதே கேள்வியைக் கேட்டார் என்று சொல்வார்கள். போவதற்கு முன்னால் அப்பா என்ன பண்ணினார் என்று. மகன் அழுகையை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிட்டானாம்.

வேலை, எஸ்டேட் குடோனில் மூட்டைக் கணக்கு எழுதுகிற ரைட்டர். ஊர் வெள்ளக்கடை. வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். கன்றுக்குட்டிக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

நான் அதே எஸ்டேட்டின் ஆபீஸ் கிளார்க். எனக்கு வயது இருபத்து மூன்று. என் அம்மா அதே காட்டில் காப்பிப் பழம் பறித்தவள். எங்கள் குடும்பத்தில் எஸ்டேட் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அந்த நாற்காலியும் சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்ததற்காகக் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சர்டிபிகேட்டுக்கு இருந்த மரியாதையை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடிதம் அடிப்பதும், மெஷினை ஒழுங்காக அணைப்பதும்தான்.

முதலாளிக்கு வயதாகிவிட்டதால் எஸ்டேட்டை அவர் மருமகன் பார்த்துக்கொண்டார். வேலைக்காரர்கள் முதல் ஜீப் டிரைவர் வரை அவரை 'மாப்பிள்ளை' என்றே குறிப்பிடுவார்கள். ஒரு நாள் ஜீப்பில் கம்பளி சுற்றிய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கணக்கு வழக்குக்கு என்று மாமனாரிடம் சொல்லியிருந்தார். அட்டைப்பெட்டியின் அடியில் இன்னொரு சின்னப் பெட்டி இருந்தது. விமானம் ஓட்டுகிற கேம். இளவயதில் பைலட் ஆக ஆசைப்பட்டு ஆகாமல் போனவர் மாப்பிள்ளை.

மிளகு மூட்டை வைத்திருந்த அறையைக் காலி செய்து கம்ப்யூட்டரை வைத்தோம். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் முதலில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. கேமை மெஷினில் ஏற்றினேன். கேமின் பெயரை அடித்து என்டரைத் தட்டினேன். திரை கறுத்தது. மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு வரி இங்கிலீஷ் வந்தது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மெஷின் பழைய இடத்துக்கே திரும்பிக்கொண்டது.

நான் அணைத்துப் போட்டேன். அதே இரண்டு வரி. "வோல்டேஜுங்க" என்றேன். மறுநாள் ஸ்டெபிலைசர் வந்தது. அதே இரண்டு வரி. "மிளகுத் தூசிங்க" என்றேன். இரண்டு ஆட்களை விட்டு அறையைக் கழுவினார்கள். அதே இரண்டு வரி. மூன்றாவது காரணம் சொல்ல வாயைத் திறந்தபோது மாப்பிள்ளை கையை உயர்த்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர்கள் வருகிறார்களாம். அதற்குள் விமானம் பறக்க வேண்டுமாம். "இதுகூட முடியலைன்னா உன்னை எதுக்கு வெச்சிருக்கேன்?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் ஏனுங்க உள்ளே வந்தார். இரண்டு தும்மினார்.

"நிக்கறதுக்கு முன்னால என்னங்க பண்ணுச்சு?"

"இது இன்னும் கிளம்பவே இல்லீங்க" என்றேன். அது அவருக்கு நிரம்பப் பிடித்துவிட்டது. இதுவரை ஓடி நின்றவற்றைத்தான் பார்த்திருக்கிறார், கிளம்பாமலே நின்றதைப் பார்த்ததில்லை. அந்த இரண்டு வரியையும் எழுத்துக் கூட்டி நோட்டில் எழுதினார். மெமரி போதவில்லை என்று சொல்லியிருந்தது. மெஷினில் மெமரி எவ்வளவு என்று கேட்டார். நாலு எம்பி என்றேன். கேம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு போதும் என்று அச்சடித்திருந்தது.

"நாலு இருக்குது. ரெண்டு கேக்குது. பத்தலைங்குது. ஏனுங்க?"

ஆறு மாதப் படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். சோற்றுத் தூக்குப்போசியை மானிட்டர் மேல் வைக்கக் கூடாது என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். எனக்குத் தெரியாது. வைப்பார். மெஷினோடு வந்த புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு படித்தார். புதன்கிழமை வந்து, குடோனில் நின்றபோது விஷயம் புரிந்துவிட்டது என்றார்.

"குடோன் பெருசுதானுங்க. ஆனா வாசப்பக்க அறையில தராசு, ஏணி, சாக்குக்கட்டுன்னு நின்னுக்கிட்டா மூட்டை எப்படிங்க உள்ள போகும்? பின்னால எத்தனை எடம் இருந்து என்னங்க?"

மெஷின் எழுந்திருக்கும்போது சரசரவென்று சில வரிகள் ஓடுமே, அதுதான் வாசலில் நிற்கிற கூட்டம் என்பது அவர் கட்சி. நிறுத்திப் படிக்க ஒரு பட்டன் இருப்பதைப் புத்தகத்தில் கண்டுபிடித்திருந்தார். வரிக்கு வரி நிறுத்தி எழுதினார். மொத்தம் பதினொன்று. பிரிண்டருக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாதவை நாலைந்து. எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடலாம் என்றேன். பதறிவிட்டார். எல்லாவற்றையும் எடுத்தால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். மெஷினுக்குள் இருப்பதைத் தொடவும் கூடாது. ஒரு ஃப்ளாப்பியில் அந்த வரிகளைப் போட்டு, ஃப்ளாப்பியிலிருந்து மெஷினை எழுப்ப வேண்டும். அது எனக்குத் தெரியும். என் பங்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் ஏழாவது வரியையும் ஒன்பதாவது வரியையும் சேர்த்து எடுத்தோம். திரை கறுத்தது. கறுத்தபடியே இருந்தது. பிறகு மிக்ஸியில் கல் மாட்டிய மாதிரி ஒரு சத்தம் வந்து, பச்சைத் தரையும் ஓடுபாதையும் தெரிந்தன. நான் எழுந்து குதித்தேன். அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "இது எந்த ஊருங்க?" என்று விசாரித்தார். நான் விமானத்தைக் கிளப்பிப் பத்து விநாடியில் தரையில் மோதினேன். அது ஏன் என்றும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை இரண்டு நண்பர்களோடு வந்தார். விமானம் பறந்தது. அறையே தும்மலும் சிரிப்புமாக இருந்தது. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமலே, "யாரு சரி பண்ணது?" என்றார்.

கதவோரம் ஏனுங்க நின்றிருந்தார்.

நான் "நாங்க" என்றேன். எங்கள் பேச்சில் அதை 'நாங்கள்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். வேகமாகச் சொன்ன 'நானுங்க' என்றும் எடுத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை இரண்டாவதை எடுத்துக்கொண்டு என் முதுகில் தட்டினார். நான் திருத்தவில்லை. பல வருஷங்கள், நான் முதலாவதைத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சாதித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் அவர் நேராக என் மேஜைக்கு வந்தார். கோபமே இல்லை. பஸ்ஸை விசாரித்த அதே முகம்தான்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

'நாங்க' என்றுதானே சொன்னேன் என்று ஆரம்பித்தேன். மாப்பிள்ளை முதுகைத் தட்டினபோது ஏன் பேசாமல் இருந்தேன் என்று கேட்டார். அதற்கு மேல் ஓட இடமில்லை.

"வேலை போயிருமோன்னு பயமுங்க."

"அதானுங்களா" என்றார். இரண்டு நாளாகத் தேடிய சாவி கிடைத்த மாதிரி அவர் முகம் தெளிந்தது. "சரீங்க" என்று சொல்லிவிட்டுக் குடோனுக்குப் போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு இப்போது மெஷின் மேலும் என் மேலும் அபார நம்பிக்கை பிறந்துவிட்டது. விமானமே ஓட்டுகிறவன் மூட்டைகளை எண்ண மாட்டானா? ஒரே மாதத்தில் குடோன் ரெஜிஸ்டரைக் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். அப்புறம் குடோனுக்கு ரைட்டர் எதற்கு? வேலையை விட்டு அனுப்புகிற கடிதத்தையும் என்னைத்தான் அடிக்கச் சொன்னார்கள். அந்த மெஷினில் நான் பிழையில்லாமல் அடித்த முதல் கடிதம் அது. அவருடைய முழுப்பெயரை நான் தெரிந்துகொண்டதும் அன்றைக்குத்தான்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையிடம் காரணம் கேட்டார். "கம்ப்யூட்டர் வந்துருச்சுல்ல" என்றார் மாப்பிள்ளை. சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுச் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு வெள்ளக்கடையில் கொஞ்சம் காடு இருக்கிறது, ஆரஞ்சு இருக்கிறது, ராகி இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். அவருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய இரண்டு பெண்கள் இருப்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாலு மாதம் கழிந்தது. மழைக்காலம். மேஜையடியில் கிடந்த செருப்புகூடப் பூசணம் பூக்கிற மாதம். ஒரு நாள் ஃப்ளாப்பியைப் போட்டேன். கரகரவென்று சத்தம் வந்தது. விமானம் கிளம்பவில்லை. என் வாயிலிருந்து தானாக வந்தது, "வோல்டேஜுங்க." மாப்பிள்ளை ஸ்டெபிலைசரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் வெள்ளக்கடைக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"வேலை குடுக்க உங்களால முடியலீங்க. வேலை வாங்க மட்டும் ஊடு தேடி வந்துட்டீங்களா?"

அதற்குள் உள்ளேயிருந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே ஏனுங்க வந்துவிட்டார்.

"நிக்கறதுக்கு முன்னால என்னங்க பண்ணுச்சு?"

எனக்காக வரவில்லை அவர். காரணம் தெரியாமல் ஒரு மெஷின் நிற்பதை அவரால் தாங்க முடியாது, அதனால் வந்தார். ஆபீஸில் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஃப்ளாப்பியின் தகர மூடியை விரலால் நகர்த்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூசணம். ஊறுகாயில் படர்கிற மாதிரியே இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஸ்வெட்டருக்குள்ளிருந்து இன்னொரு ஃப்ளாப்பியை எடுத்தார். அந்தச் சனிக்கிழமை என்னிடம் இதற்கு ஒரு நகல் கேட்டு வாங்கிப் போயிருந்தாராம். எனக்கு மறந்தே போயிருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத மனிதர் அதை ராகி டப்பாவுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

போட்டோம். விமானம் கிளம்பியது. சத்தம் கேட்டு மாப்பிள்ளை உள்ளே வந்தார்.

நாலு மாதமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அது. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். இப்போது சரி பண்ணியது இவர்தான், அன்றைக்குச் சரி பண்ணியதும் இவர்தான், நான் பொய் சொன்னேன் என்று. வேலை போகட்டும் என்று நிஜமாகவே நினைத்தேன்.

"அதுக்கென்ன இப்ப? ஓடுதுல்ல?" என்றார் மாப்பிள்ளை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏனுங்க பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை. என் வேலையும் போகவில்லை, அவர் வேலையும் வரவில்லை. நான் நாலு மாதம் சுமந்த உண்மைக்கு அங்கே ஒரு தும்மல் அளவுகூட மதிப்பில்லை.

பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் பூசணத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பஸ் ஏறும்போது, மெஷினிலிருந்து எடுத்து வந்திருந்த ஃப்ளாப்பியை என் சட்டைப் பையில் போட்டார். ஆபீஸுக்கு வேறு ஒன்றில் நகல் எடுத்துக்கொள்ளும்படியும், இதை நான் வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

"ராகிக்குள்ளயே கெடக்கட்டும் கண்ணு. ஈரம் அண்டாது. இல்லீன்னா நீ நொம்பச் சிரமப்படுவே."

என்னிடம் அவர் 'ங்க' போடாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஐந்து வருஷத்தில் மாப்பிள்ளை எஸ்டேட்டை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அங்கே காட்டேஜ்கள் கட்டினார்கள். என் நாற்காலியும் போனது. ஒரு நல்ல மனிதரிடமிருந்து நான் திருடியது மொத்தம் ஐந்து வருஷ வேலை. ஏனுங்க பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. கடைசியில் என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அந்த ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்க்க இப்போது எந்த வீட்டிலும் மெஷின் கிடையாது. வீட்டு வேலை எதற்கும் அசையாதவன் என்று என் மனைவி என்னைப் பற்றிச் சொல்வாள், அது உண்மைதான். ராகி தீர்ந்துவிட்டது என்றால் மட்டும் அன்றைக்கே கடைக்குப் போய் வாங்கி வந்துவிடுகிறேன்.