பாத்தி மிதிக்காத பேய்

என்ன நடந்தாலும் வாயைத் திறப்பதில்லை. தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும்போதே சபதம் எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் உள்ளே ஓடுகிற படத்தில் பேய் நான்தான். பக்கத்தில் நின்ற என் மனைவி வசந்தாவுக்கு அது தெரியாது.

2005 சித்திரையில் மரக்காணம் உப்பளத்துக்கு ஒரு பேய்ப் படக் கம்பெனி வந்தது. ஏழு பேர், ஒரு கேமரா, ஒரு ஓட்டை வேன். பேயாக நடிக்க வந்தவன் எங்கள் ஊர் வெயிலைப் பார்த்ததும் பஸ் ஏறிவிட்டான். உப்பு வாரிக்கொண்டிருந்த என்னை டைரக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்கு மேக்கப்பே வேணாம்."

சம்பளம் கிடையாது, பரோட்டா உண்டு. ஒப்புக்கொண்டேன்.

ஷூட்டிங் நடந்த அதே நாள் இரும்பை கிராமத்தில் என் மச்சினன் அசோகனின் புதுமனை புகுவிழா. அக்கா புருஷன் இல்லாமல் அப்படி ஒரு விழாவா? "இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்று பாயில் உருண்டேன். சீர்த்தட்டோடு தனியாகப் போன வசந்தா, சொந்தக்காரர்களின் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு அழுத கண்ணோடு திரும்பினாள். வந்தவள் ஒரு மாசம் எனக்குத் தைலம் வேறு தேய்த்தாள். பாவம்தான். உண்மை தெரிந்தால் மச்சினன் வீட்டு வாசலை நான் ஜென்மத்துக்கும் மிதிக்க முடியாது.

ஐப்பசி மழையில் உப்பளம் மூடியிருந்தபோது படம் எங்கள் ஊருக்கே வந்தது.

"என்னாங்க, ஞாயித்துக்கிழமை மேட்னி போவலாம்."

"பேய்ப் படம்டி. பயந்துடுவே."

"பதினெட்டு வருசமா உங்களோட இருக்கேன். இனிமே எதுக்குப் பயப்படப்போறேன்?"

படத்தில் வெள்ளைப் புடவை, முகத்தை மூடிய சவுரி. பெற்ற தாய்க்கே என்னை அடையாளம் தெரியாது. தெம்பாக உட்கார்ந்தேன்.

லைட்டுக்கு வசதியில்லாமல் உச்சி வெயிலில் எடுத்து, நீலம் பூசி, ராத்திரி என்று காட்டினார்கள். கதாநாயகி உப்புப் பாத்திகளின் குறுக்கே அலறிக்கொண்டு ஓடுகிறாள். பேய் துரத்துகிறது. ஆனால் பாத்தியில் இறங்கவில்லை. வரப்பு வரப்பாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது.

"சுத்திக்கினு போனா எப்படி புடிப்பே? குறுக்கால எறங்குடி!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டு கொளஞ்சியம்மாள்.

எனக்கு நெஞ்சு வலித்தது. வசந்தா மட்டும் சிரிக்கவில்லை.

"என்னாங்க, இந்தப் பேய் இவ்ளோ மட்டமா நடிக்குது?"

"சும்மா பாரு."

"துரத்தக்கூடத் தெரியல. சோத்துக்கு வந்த பேய் போல."

"அதுக்கும் ஒரு காரணம் இருக்கும்."

"என்னா காரணம்? சோம்பேறி. வேற நல்ல ஆளாப் பார்த்துப் போட்டிருக்கலாம்."

இடைவேளைவரைகூட என் சபதம் தாங்கவில்லை.

"யாருடி சோம்பேறி? உப்பு பூத்துக் கெடக்குற பாத்தியில எவனாவது கால வைப்பானா? சேறு கலங்கிப் போவாதா? அவ மிதிச்சதுக்கே எனக்கு வயிறு எரிஞ்சுது. டைரக்டர் எறங்கு எறங்குன்னாரு. முடியாதுன்னுட்டேன்! அந்த உப்புக் குவியல் மேலேர்ந்து ஏழு தடவை குதிச்சேன், தெரியுமா?"

வசந்தா நிதானமாக முந்தானையைச் சரிசெய்தாள்.

"நேத்தே கொளஞ்சியம்மாளோட வந்து பார்த்துட்டேன். வரப்பு மேல போறப்பவே ஆள் தெரிஞ்சுபோச்சு. உங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன்."

சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பினாள்.

"கேட்டுக்கினியாடா?"

பின்வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த அசோகன் எழுந்து, முறுக்குப் பொட்டலத்தை என்னிடம் மரியாதையாக நீட்டினான்.

"இடுப்பு இப்பத் தேவலாமா, மாமா?"