கணினி அறையில் ஒரு நீரோட்டம்

ஓட்டோகர் வருகிறார் என்றதும் பால் கூட்டுறவின் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மாடு பால் சுரக்க மறுத்தாலும் மனைவி பேச மறுத்தாலும் பூமிக்கடியில் ஓடும் நீரோட்டமே காரணம் என்று கவைக்கோலை நீட்டிச் சொல்லும் மகான் அவர். மூல்ஃபியர்ட்டல் மலைப்பக்கத்தில் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று அவர் விற்கும் செம்புத் தகட்டை வாங்காத தொழுவம் இல்லை. மாடு பழைய அளவே கறந்தது. தகடு மட்டும் அமோகமாக விற்றது.

இன்றைய நோயாளி ஒரு மெய்நிகர் கணினி, அதாவது தனக்கென்று பெட்டி இல்லாமல் இன்னொரு கணினிக்குள் குடியிருக்கும் கணினி. பாலைக் குளிரூட்டும் எந்திரங்களை நடத்திய அது காலையில் படுத்துவிட்டது. ஆபத்துக்கு உதவும் என்று வைத்திருந்த நகலோ எழவே மாட்டேன் என்றது. வாசலில் ஒன்பது வண்டிப் பால் வெயிலில் நின்றது. கணினிப் பொறுப்பாளர் ரோஸ்விதா கூட்டுறவின் இயக்குநரிடம் ஓடினாள்.

"ஒரு மணி நேரம் குடுங்கய்யா, நானே பாத்துடறேன்."

"அசலும் நகலும் ஒண்ணுன்னு நீதானம்மா சொன்ன? அப்புறம் ஏன் எந்திரிக்கல? கீழ ஏதோ இருக்கு," என்றார் இயக்குநர் ஆல்வின். படித்தவர், பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

ஓட்டோகர் கண்ணை மூடிக்கொண்டு கணினி அறையில் நடந்தார். மூன்றாவது கணினிப் பெட்டியின் முன் கோல் துள்ளிக் கவிழ்ந்தது.

"இதோ! நகல் இருக்கிற பெட்டிக்கு நேர் கீழ நீரோட்டம். பன்னெண்டு தகடு வேணும்."

"இதுலதான் நகல் இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் ரோஸ்விதா.

"நாப்பது வருஷமா என் கோல் தப்பினதில்லம்மா."

ரோஸ்விதா பெட்டியைத் திறந்தாள். உள்ளே யாரோ ஒளித்து வைத்த ஷ்னாப்ஸ் சாராய பாட்டில் ஒன்றுதான் இருந்தது.

"போன வருஷமே இதுல இருந்ததெல்லாம் கழட்டியாச்சு. தீப்பிடிச்சா ரெண்டும் போயிடக் கூடாதுன்னு நகலை லின்ஸ் நகரத்துல வெச்சிருக்கோம். நாப்பது கிலோமீட்டர் தள்ளி ஓடுற தண்ணிக்கு இங்க கோல் எப்படிங்க துள்ளுச்சு?"

"அடப்பாவி! என் தொழுவத்துல பதினாறு தகடு கெடக்குதுடா!" என்று கத்தினார் ஒரு விவசாயி. ஓட்டோகர் பின்வாசலைத் தேடிக்கொண்டார். அதற்குக் கோல் தேவைப்படவில்லை.

ரோஸ்விதா இரண்டு கணினிகளின் அமைப்புகளையும் பக்கம் பக்கமாக வைத்து வரி வரியாக ஒப்பிட்டாள். அசல் கண்விழிப்பது புது முறையில். நகலுக்குக் குறித்திருந்தது பழைய முறை; அதில் அது எழாது. குறித்தது அவளேதான். முகம் சிவந்தது.

"என் தப்புதான்," என்றாள் எல்லோர் முன்பும். ஒரு வரியை மாற்றினாள். நகல் எழுந்தது, பால் உள்ளே போனது.

தப்பை ஒப்புக்கொள்கிறவரிடம் தைரியமாக வேலையைக் கொடுங்கள். தப்பே வராது என்பவர் வாசலுக்கு வந்தால், முதலில் உங்கள் மூளையைத் தட்டி எழுப்புங்கள், அய்யா. கணினியைப் பிறகு எழுப்பிக்கொள்ளலாம்.