குழாய் கவிழ்த்த குடங்கள்

சென்னையில் வற்றாத குழாய் ஒன்றே ஒன்றுதான். அது தி.நகரில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில், எங்கள் ஆபீஸில் வேலை பார்த்தது. சம்பளச் சீட்டில் அவனுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவன் குழாய்தான்.

நாங்கள் எழுதியது கிரிப்டோ காசு ஓடும் பிளாக்செயினுக்கான புரோகிராம். அதை நிஜ நெட்வொர்க்கில் விடுவதற்கு முன் டெஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் தொட்டதற்கெல்லாம் கட்டணம் உண்டு. கட்டணம் டெஸ்ட் டோக்கன் என்ற பொய்க் காசு. வெளியே அதற்கு ஒரு கடலை மிட்டாய்கூடக் கிடைக்காது. ஆனால் அது இல்லாமல் வேலை ஓர் அடி நகராது. அதை இலவசமாகத் தரும் வெப்சைட்டுகளுக்குக் குழாய் என்றே பெயர். ஒரு சொட்டு கொடுத்துவிட்டு, ‘நாளைக்கு வா’ என்று விரட்டிவிடும்.

நம் ஆள் சைதாப்பேட்டையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவன். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து பிடிப்பான். டோக்கன் சேரும் கணக்குகளுக்குப் பச்சைக் கொடம், ஓட்டைக் கொடம் என்று பெயர் வைத்திருந்தான். பிடித்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

“மெர்சிம்மா, உனுக்கு எத்தினி கொடம் வோணும்?” என்று பக்கத்து சீட் பெண்ணிடம் கேட்பான்.

“ஒண்ணு போதும்ண்ணா.”

மறுநாள் சாந்தோமிலிருந்து மெர்சியின் அம்மா செய்த கேக் அவனுக்கு வரும். எனக்கு வயிறு எரியும். நான் அவனுக்கு சீனியர். என்னிடம் யாரும் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை.

அவனுக்கு மட்டும்தான் கொட்டுமா? நானும் ரகசியமாகப் பிடிக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் பிடித்தேன். மயிலாப்பூரில் பிரதோஷக் கூட்டத்தில் நந்தியை மறந்து பிடித்தேன். டெஸ்ட் நெட்வொர்க்குகள் பல உண்டு, ஒன்றின் டோக்கன் இன்னொன்றில் செல்லாது. நான் கண்டுபிடித்த நெட்வொர்க்கில் கூட்டமே இல்லை. கேட்டபோதெல்லாம் அள்ளிக் கொடுத்தது. மற்றவர்களெல்லாம் விவரம் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளையண்ட் வரும் நாள் வந்தது. நான் ஓட்டிக் காட்டும் புரோகிராம் அவர் கண்முன் ஓடினால் டீம் லீட் பதவி எனக்கு, ஓடாவிட்டால் குழாய்க்கு. நான் எழுந்து நின்று அறிவித்தேன். “இனிமே யாருக்கு டோக்கன் வேணும்னாலும் என்கிட்ட வாங்க!”

குழாய் என் திரையை எட்டிப் பார்த்தான். “இன்னா நைனா, இந்த நெட்வொர்க்க நேத்தோட மூட்டாங்களே, தெர்யாதா? கடைய காலி பண்ண சொல்லோ அள்ளித்தான் குடுப்பாங்க.”

ஆபீஸே சிரித்தது. பிறவியிலேயே செல்லாத காசை மேலும் செல்லாமல் ஆக்கிய பெருமை உலகில் எனக்கு மட்டும்தான். எல்லாவற்றையும் வேறு நெட்வொர்க்கில் புதிதாக ஏற்ற வேண்டும். அங்கே கேட்டேன், ஒரு சொட்டு விழுந்தது. ‘நாளைக்கு வா.’ கிளையண்ட் படியேறிக்கொண்டிருந்தார். குழாயிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

“மூஞ்சிய பாத்துகினு நிக்காத. உன் டோக்கன் கணக்கு அட்ரஸ அனுப்பு” என்றான். அனுப்பினேன். “அல்லா கொடத்தையும் கவுத்துட்டேன். போ, ஆளு வந்துகினு கீறாரு.”

“உனக்கு?”

“நாளிக்கி புட்ச்சிக்கலாம், போ நைனா.”

புரோகிராம் ஓடியது. நான் லீட் ஆனேன். கைதட்டல் மட்டும் அவனுக்குப் போனது. அதற்கும் வயிறெரிந்தேன்.

போன மாதம் அவன் அடையாறில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அங்கே எவனோ ஒருவன் தினமும் அவனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான். இப்போது என் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த முகம் தெரியாத ஆள்மேல்தான்.