முட்டை செய்த பாவம்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், கோபுரத்தைப் பார்ப்பார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம் ஆனியிலும் ஆடியிலும் வந்தவர்கள் அந்த இரண்டையும் விட்டுவிட்டு முகஜோதி சாமியார் வாசலில் போய் நின்றார்கள். செங்கம் ரோட்டில் ஒரு வாடகை வீடு. முன்னால் கீற்றுப் பந்தல். பந்தலுக்குள் பலகை போட்டுச் சாமியார். வெளியே, விடிந்தும் விடியாததுமாக, பஸ் ஸ்டாண்டில்கூட இல்லாத கூட்டம்.

அவர் நோய் தீர்க்கிறவர் இல்லை. பேய் ஓட்டுகிறவரும் இல்லை. அதெல்லாம் பழைய தொழில், போட்டி ஜாஸ்தி. இவர் முகத்தில் படிந்த பாவத்தை எடுக்கிறவர்.

"கறுப்புன்றது நிறம் இல்லம்மா. போன ஜென்மத்துப் பாவம்" என்பார் சாமியார். பரு என்றால் சில்லறைப் பாவம். தேமல் நடுத்தரப் பாவம். ஆள் முழுக்கக் கறுப்பென்றால் போன ஜென்மத்தில் வேறு வேலையே பார்க்கவில்லை, பாவம் மட்டுமே பண்ணியிருக்கிறாள் என்று அர்த்தம்.

எடுக்கிற விதமும் வேடிக்கையானது. வெளிர் மஞ்சளாக ஒரு களிம்பை முகத்தில் அப்புவார். அரைகுறையாகக் காயவிடுவார். துளசி மிதக்கும் பச்சைத் தீர்த்தத்தில் கையை நனைத்துக் கன்னத்தில் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கக் கன்னங்கரேலென்று திரிதிரியாக உருண்டு தாம்பாளத்தில் விழும். "பாத்தியா, உன் பாவம்!" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்துக் கழுவிவிடுவார். எந்த முகத்தையும் கழுவினால் பளிச்சென்றுதான் இருக்கும். அந்தப் பளிச்சுக்குத்தான் முகஜோதி என்று பெயர்.

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் வேடிக்கை பார்க்க வந்து, ஆசைப்பட்டுத் தானும் உட்கார்ந்தாள். கறுக்க வேண்டும் என்று மொட்டை மாடியில் வெயிலில் படுத்துக் கிடக்கிறவள் அவள். அவள் முகத்திலும் அதே கறுப்பு உருண்டது. "அடியாத்தீ! வெள்ளத் தோலுக்கு அடியில எவ்ளோ ஒளிச்சி வெச்சிருக்கா பாரு!" என்று வாயில் கை வைத்தாள், ஒரு வாரமும் தவறாமல் வரும் ராணியம்மாள். அப்படியானால் கறுப்புத்தான் பாவம் என்று சொன்னது என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கப் போனால் வரிசையில் இடம் போய்விடும்.

இந்த ராணியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரிதான் திரௌபதி. மாவு மில்லில் மெஷின் ஓட்டுகிறவள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஊரிலேயே வெள்ளையான பெண் அவள்தான். தலைமுடி, புருவம், கண் இமை எல்லாம் மாவு. ஆறு மணிக்குப் பயத்தம் மாவு தேய்த்துக் குளித்துவிட்டுப் பழையபடி கறுப்பாக வெளியே வருவாள். அந்தக் கறுப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய், நெற்றியில் பொட்டு, அவ்வளவுதான் அவள் அலங்காரம்.

அவள் தங்கை வள்ளிக்கு அப்படி இல்லை. அம்மா அப்பா போன பிறகு அக்காதான் அவளை வளர்த்தாள். வைகாசியில் போளூரிலிருந்து ஒரு கூட்டம் வள்ளியைப் பெண் பார்க்க வந்தது. "பொண்ணு லட்சணந்தான், கலருதான் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனது. பஜ்ஜி மட்டும் கம்மியில்லாமல் சாப்பிட்டது. அன்றைக்கு வீட்டுக்குள் போனவள்தான். ஆவணி முதல் பால்வாடி டீச்சராகச் சேரச் சொல்லி ஆர்டர் வந்தும், "புள்ளைங்க என் மூஞ்சியப் பாத்தா பயந்துக்கும்க்கா" என்று அந்தக் காகிதத்தை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ராணியம்மாள் சும்மா இருப்பாளா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாமியார் முன்னால் உட்காரவைத்தாள். ஒன்பது வெள்ளிக்கிழமை வர வேண்டும் என்றார் அவர். ஒன்பதாவது வாரம் பொன் வைக்க வேண்டுமாம். எடுத்த பாவம் திரும்பி வராமல் பொன்னில் ஒட்டிக்கொண்டு போய்விடுமாம். வள்ளியிடம் இருந்த பொன், அம்மா விட்டுப் போன ஒரு ஜோடிக் கம்மல்.

ஆறாவது வாரம் கன்னத்தில் தோல் உரிந்தது. வெயில் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இன்னாடி இது, வெந்துபோன மாதிரி கீது?"

"பாவம் எரியுதுக்கா."

"நீ இன்னாடி பாவம் பண்ண? எறும்ப மிதிச்சாக்கூட நின்னு பாக்கற ஆளு நீ."

"போன ஜென்மத்துல பண்ணது."

"போன ஜென்மத்துல நீ யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"சாமிக்குத் தெரியுமாம்."

திரௌபதி அந்தக் கன்னத்தில் எண்ணெய் தொட்டுவைத்தாள். தோல் உரிந்தால் ஆறிவிடும். பெற்ற தாய் மாதிரி தான் தூக்கி வளர்த்த பெண், தன் முகமே ஒரு பாவம் என்று நம்பிவிட்டால், அதை எந்த எண்ணெய் தடவி ஆற்றுவது? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அடித்துச் சொன்னால் மட்டும் அவள் கேட்கவா போகிறாள்?

மாவு மில்லில் ஒரு சட்டம் உண்டு. எதற்குப் பின்னால் எதை அரைப்பது என்பதில்தான் பெண்கள் குடுமிப்பிடிச் சண்டையே போடுவார்கள். மிளகாய்க்குப் பின்னால் கஞ்சி மாவு கூடாது. சீயக்காய்க்குப் பின்னால் புட்டு மாவு கூடாது. கடுக்காய்க்குப் பின்னால் எதுவுமே கூடாது. அத்தனை துவர்ப்பு. அதனால் கடுக்காய் கொண்டுவருகிற ஆள் மில் மூடுகிற நேரத்துக்குத்தான் வர வேண்டும். இரண்டு மாதமாக வாராவாரம் அப்படி வந்துகொண்டிருந்தவன் கண்ணாயிரம், முகஜோதி சாமியாரின் ஒரே சீடன்.

"யாருக்குய்யா வாரம் அஞ்சி கிலோ கடுக்காயி?" என்று அந்த எட்டாவது வாரம் கேட்டேவிட்டாள் திரௌபதி.

"சாமிக்குத்தான்க்கா. வயிறு செரியில்ல. கட்டிக்கிச்சி."

"அஞ்சி கிலோவத் தின்னாருன்னா சாமி பந்தல்ல குந்த முடியாதுய்யா. வேற எடத்துலதான் குந்தியிருக்கணும்."

கண்ணாயிரம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். திரௌபதி ஈரத் துணியால் மெஷின் வாயைத் துடைத்தாள். அந்த வாரத்து மழையில் துருப்பிடித்த இரும்பு வாய் அது. துடைத்துவிட்டுப் பார்த்தால் பத்து விரலும் கன்னங்கரேலென்று இருந்தது. சோப்புப் போட்டாள், போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டாள், போகவில்லை. மத்தியானச் சோற்று டப்பாவில் மிச்சமிருந்த எலுமிச்சங்காய் ஊறுகாயை வாயில் போட்டு விரலைச் சப்பினாள். சப்பின விரல் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

"அடப்பாவி!" என்றாள் திரௌபதி.

அன்றைக்கே நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். கறுத்த விரலைக் காட்டியதும் கடைக்காரர் சுப்பிரமணி சிரித்தார். "சாமியாரு எங்கிட்ட அன்னபேதி வாங்கறாரும்மா. இரும்புச் சரக்கு, தண்ணில போட்டா பச்சையாக் கரையும். அதும்மேல கடுக்காயி பட்டுச்சின்னா மை. அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்து மையே அதான."

"தெரிஞ்சும் சும்மாவா கீறீங்க?"

"எனக்கு வியாபாரம் ஆவுதேம்மா" என்றார் அவர். நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து வள்ளியிடம் கறுத்த விரலைக் காட்டினாள். வள்ளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மெஷின் அழுக்கும் பாவமும் ஒண்ணாக்கா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆடிக் கடைசி வெள்ளி. ஒன்பதாவது வாரம். வள்ளி கம்மலைக் கழற்றித் துணியில் முடிந்துகொண்டு, காதுத் துளையில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரௌபதி மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே வந்தாள். தலை முதல் கால் வரை கோதுமை மாவு. கூட்டம் பயபக்தியோடு விலகி வழிவிட்டது. இரண்டு பேர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

"வா தாயே! உடம்பெல்லாம் விபூதி!" என்றார் சாமியார்.

"கோதும மாவு சாமி" என்றாள் திரௌபதி. மடியிலிருந்து ஒரு கோழி முட்டையை எடுத்தாள். "எந்தங்கச்சிக்கு முன்னாடி இதுக்குப் பாவம் எடுங்க."

"முட்டையா! தீட்டு!"

"இன்னும் பொறக்கவே இல்லியே சாமி, பாவம் பண்ண இதுக்கு ஏது நேரம்? கறுப்பு வரலன்னா ஒங்க களிம்பு நெசம். என் மூக்குத்தியயும் இங்கயே கழட்டி வெக்கறேன்."

சாமியார் மூக்குத்தியைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அவர் யோசித்து முடிப்பதற்குள் திரௌபதி களிம்பை வழித்து முட்டையில் அப்பி, ஊதிக் காயவைத்து, தீர்த்தத்தில் கை நனைத்துத் தேய்த்தாள். திரிதிரியாக உருண்டது. கரி மாதிரி கறுப்பு.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"முட்ட இன்னா பாவம் பண்ணுச்சி சாமி?"

"முட்டைக்கும் பூர்வ ஜென்மம் உண்டு!" என்று கத்தினார் சாமியார்.

"செரி." தீர்த்தச் சொம்பு புத்தம்புது எவர்சில்வர். அதன் வயிற்றில் களிம்பை அப்பித் தேய்த்தாள். அதுவும் கறுப்பாக உருண்டது. "சொம்புக்குமா?"

"சொம்பு போன ஜென்மத்துல குடமா இருந்திருக்கும்" என்றாள் ராணியம்மாள், விட்டுக்கொடுக்காமல். கூட்டம் இப்போது வெளிப்படையாகவே சிரித்தது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"எனக்குத் தியானத்துக்கு நேரமாச்சி" என்று சாமியார் எழுந்தார்.

வள்ளியும் எழுந்தாள். ஒன்பது வாரமாகத் தலை நிமிராத பெண், அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "சாமி, ஒங்களுக்கு ஒரு பாவமும் கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க? எனக்கு மனசு ஆறணும். ஒரே ஒரு தபா." பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கை நிறையக் களிம்பை வழித்து அவர் கன்னத்தில் அப்பினாள். இரண்டு பெண்கள் அவரை அமுக்கி உட்காரவைத்தார்கள். அத்தனை நாள் வரிசையில் நின்ற பெண்களுக்குத் தோளில் வலு இருந்தது. வள்ளி தேய்த்தாள். ஊரில் யார் முகத்திலும் அத்தனை வந்ததில்லை. கன்னம் கறுத்து, மூக்கு கறுத்து, வெள்ளைத் தாடியில் மை வழிந்து காவி வேட்டியில் சொட்டியது.

வள்ளி தன் கையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். திரௌபதி அவளை மாவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பந்தலில் யார் பேச்சையும் யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு கை களிம்பு. தூணில் தேய்த்தார்கள், செருப்பில் தேய்த்தார்கள், பூசணிக்காயில் தேய்த்தார்கள். உலகத்தில் பாவம் செய்யாத பொருளே இல்லை என்று தெரிந்தது. சாமியார் பின்சுவர் ஏறிக் குதித்து, கறுத்த மூஞ்சியோடு செங்கம் ரோட்டில் ஓடினார். அகப்பட்டவன் கண்ணாயிரம்தான்.

"அடிக்காதீங்கம்மா, சொல்லிடறேன். கடுக்காயி, மைதா, அன்னபேதி. அவ்ளோதான். அவரு என் மச்சான் முருகையன். வந்தவாசிப் பக்கம் பள்ளிக்கூடங்களுக்கு மை வித்துக்கினு இருந்தோம். ரீபிள் பேனா வந்துச்சி, யாவாரம் படுத்துடுச்சி. கையில மை நெறைய கீது, வெளுக்கணும்னு ஏங்கற மூஞ்சி ஊர்ல நெறைய கீதுன்னாரு."

உள்ளே ஒரு மரப்பெட்டி இருந்தது. மூக்குத்தி, கம்மல், மோதிரம் எல்லாம் உரியவர்கள் கைக்குப் போயின. வள்ளியின் கம்மல் பெட்டிக்குப் போகவே இல்லை. ஈர்க்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

ஆவணி பிறந்ததும் முகத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவி, உரிந்த இடத்தில் எண்ணெய் தொட்டுக்கொண்டு பால்வாடிக்குப் போனாள். ஒரு பிள்ளையும் பயந்துகொள்ளவில்லை. அவளைப் பார்த்ததும் முதல் பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், இன்னிக்கு சத்துமாவு உண்டா?"

அந்த வாரம் முழுக்க மில்லில் பெண்கள் கூட்டம். எல்லார் கையிலும் பயறு.

"வேற ஒண்ணும் வாணாம்மா" என்றாள் திரௌபதி. "பயத்தம் மாவு, பச்சத் தண்ணி. மெதுவாத் தேய்ங்க, அது தோலு, வாசப்படி இல்ல. எலுமிச்ச தேச்சிக்கினு வெயில்ல போவாதீங்க. காஞ்சிபோனா ரெண்டு சொட்டு எண்ணெ. வேளைக்குச் சாப்புடுங்க, நல்லாத் தூங்குங்க."

"வெள்ளயாவுமா?"

"ஆவாது. சுத்தமாவும். நம்ம மூஞ்சி நம்ம மூஞ்சியாவே இருக்கும். அது போதாதா?"

போதவில்லை போலிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை மில் கதவைத் திறந்தால் வாசலில் கோலம். வேப்பிலைத் தோரணம். ஐம்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். முன்னால் ராணியம்மாள், கையில் தட்டு, தட்டில் கற்பூரம்.

"மாவாத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் ராணியம்மாள். "அன்னிக்கு ஒடம்பெல்லாம் வெள்ளையா நீ வந்து நின்னப்பவே தெரிஞ்சிடுச்சி தாயே. ஒங்கையால ஒரு பிடி மாவு எடுத்து மூஞ்சில பூசு. ஒம்போது வாரம் வர்றேன்."

திரௌபதி இரண்டு எட்டுப் பின்வாங்கினாள். பால்வாடிக்குக் கிளம்பி வந்த வள்ளிதான் முன்னால் போய், ஊப்பென்று ஊதிக் கற்பூரத்தை அணைத்தாள்.

"பயறு கொண்டாந்தா எங்கக்கா அரைச்சித் தரும் பெரிம்மா. யோசிக்கறத மட்டும் அவங்கவங்க தலையிலதான் பண்ணிக்கணும். அதுக்கு ஊர்ல மில்லு கெடையாது."