சராசரியைக் கெடுத்தவள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் நலம். அலுவலகத்திலோ நலத்துக்குக் குறைவே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ அறிவுரையை ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து கடைசிவரை படி.

நீ சுகாதாரத் துறையில் உட்கார்ந்து உருவாக்கிய 'சரியான உணவு, சரியான எடை' திட்டம் எங்கள் அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சுற்றறிக்கையின் அடியில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்க அக்கா" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் காட்டினேன். மறுநாளே கேன்டீனில் பிஸ்கட் டப்பா இருந்த இடத்தில் வெள்ளரிக்காய் வந்து உட்கார்ந்தது. சரி, வெள்ளரிக்காய் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு 'படியேறுவோம், பலம் பெறுவோம்' என்று எழுதி ஒட்டிவிட்டு லிஃப்டைப் பூட்டினார்கள். எங்கள் ஓய்வூதியப் பிரிவு மூன்றாவது மாடியில் இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் முழங்கால் தேயும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய மனைவிமார். ஒரு பெரியவர் எப்படியோ மேலே வந்து சேர்ந்து, என் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "நான் உயிரோட இருக்கேன்னு நேர்ல வந்து காட்டச் சொன்னீங்க. காட்டிட்டேன். கீழ இறங்கினப்புறம் இருப்பேனான்னு என்னைக் கேக்காதீங்க" என்றார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அக்கா, அந்தச் சராசரி யாருடைய யோசனை? உன்னுடையதாகத்தான் இருக்கும். தனி ஆளின் எடையை வெளியே சொன்னால் மனம் புண்படும் என்று, பிரிவு பிரிவாக நிறுத்துப் பார்த்து, சராசரியை மட்டும் வாசல் பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறாய். உன் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பிரிவில் இருப்பதே ஐந்து பேர். மற்ற நான்கு பேரும் காற்றடித்தால் ஜன்னலை மூடச் சொல்கிற ரகம். அவர்களையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தால் என் எடை என்ன என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கணக்குப் பிரிவுக்காரர்கள் சொல்லியே விட்டார்கள், தசமப் புள்ளியோடு.

முதல் மாதம் எங்களுக்குக் கடைசி இடம். எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வூதியம் எவ்வளவு தாமதமானாலும் நிம்மதியாக இருக்கக்கூடிய மனிதர். பலகையில் கடைசியில் வந்தது மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், மேசைக் கண்ணாடியைத் துடைத்தபடியே பேசினார்.

"மேடம், உங்க வேலையில நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்."

"சரி சார்."

"நீங்க இல்லாம இந்தப் பிரிவு ஒரு நாள்கூட ஓடாது."

"சரி சார்."

"திங்கட்கிழமையிலேருந்து தபால் பிரிவுக்குப் போயிடுங்க."

தபால் பிரிவுத் தலைவி அவரிடம் பேரம் பேசியதைக் கதவுக்கு வெளியே நின்று என் காதால் கேட்டேன். "அவங்க வர்றது சந்தோஷம்தான் சார். ஆனா அவங்களை எடுத்துக்கிட்டா எனக்கு ஒல்லியா ரெண்டு பேரைத் தரணும்." பழக்கடையில் ஒரு அடிபட்ட பழத்தை எடுத்துக்கொள்வதற்கு ஈடாக இரண்டு நல்ல பழம் கேட்பார்களே, அதே குரல். ஒரு ஒல்லியைத்தான் விட முடியும் என்று இவர் சொன்னதும் பேரம் முறிந்துவிட்டது. கணக்குப் பிரிவு என்னை ஏற்கெனவே புள்ளியோடு அறிந்திருந்ததால் வாசலிலேயே கை கூப்பிவிட்டது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? கீழ்த்தளத்தில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, 'ஆவணப் பராமரிப்புப் பிரிவு' என்று புதிதாக ஒரு பிரிவையே உண்டாக்கிவிட்டார்கள். அதில் நான் ஒருத்திதான். தனி ஆளின் எடையை வெளியே சொல்லக் கூடாது என்ற உன் விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்து, என் எடையை என் பிரிவின் சராசரியாக வாசலில் எழுதிவைத்திருக்கிறார்கள். காலையில் உள்ளே நுழையும்போது காவலாளி எழுந்து நின்று, "மேடம், இந்த மாசம் உங்க பிரிவு எப்படி?" என்று விசாரிக்கிறார். கிண்டல் என்றால் திட்டிவிடலாம். அவர் நிஜமான அக்கறையோடு கேட்கிறார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கீழ்த்தளமா? குளுகுளுன்னு இருக்குமே" என்றார்.

அக்கா, எடையைப் பற்றிய வெட்கம் எனக்குப் புதிதில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் வெந்ததைத்தான் சாப்பிட்டு வளர்ந்தோம். உன் தட்டுப் பக்கம் வரும்போது அம்மா "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடி" என்பாள். என் தட்டுப் பக்கம் வரும்போது அதே கரண்டி பாதி வழியில் நின்று "போதும்டி" என்னும். அன்றிலிருந்து ஒவ்வொரு வாய் சாப்பிடும்போதும் யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பு என்னைவிட்டுப் போனதில்லை. ஆனால் மூன்றாவது மாடியில் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் மட்டும் எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். எதிரே ஒரு பெண்மணி கண் கலங்க நிற்பாள். எந்த விதியில் அவளுக்குப் பணம் வரும் என்று எனக்குத் தெரியும். நான் பேசப் பேச அவள் முகம் தெளியும். என்னை யாரும் அங்கே நிறுத்துப் பார்த்ததில்லை. நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த மேசையை.

அங்கே இப்போது உட்கார்ந்திருப்பது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு ஒல்லிப் பெண். நல்ல பெண்தான், வேலைதான் தெரியாது. போன மாதம் ஒரு அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடிக் கீழ்த்தளத்துக்கே வந்துவிட்டார்.

"வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா. மேல அந்தப் பொண்ணு, அவர்கிட்டயே ஒரு கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லுது. நான் எங்க போய் வாங்குவேன்?"

அவரை உடைந்த நாற்காலிகளில் கொஞ்சம் முழுசாக இருந்த ஒன்றில் உட்காரவைத்துவிட்டு மூன்று மாடி ஏறினேன், கோப்பைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினேன், எழுதிக்கொடுத்தேன், மறுபடி ஏறினேன். ஒருவருக்குச் செய்தால் பத்துப் பேருக்குத் தெரிந்துவிடுமே. இப்போது என் பழைய வேலையைப் படிக்கட்டில்தான் பார்க்கிறேன். பூட்டிய லிஃப்ட் கதவில் ஒட்டிய உன் திட்டப் போஸ்டரில் ஒரு பெண் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் அதைக் கடித்து நான் பார்த்ததில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். சராசரியை எடுத்துவிடு. இல்லை, எடைக்காக யாரையும் பிரிவு மாற்றக் கூடாது என்று ஒரு வரி எழுதி அனுப்பு. உன் கையெழுத்துக்கு இங்கே மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பின் அடியில்தான் நான் நசுங்கிக் கிடக்கிறேன். நல்ல சாப்பாட்டைப் பற்றி நீ சொல்வதெல்லாம் சரி அக்கா, நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே யாரும் சாப்பாட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்க்கிறார்கள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் கேட்டதைக் கேட்டபோது சாப்பிட்டு, ஓடி விளையாடி, யாருடைய கண்ணும் படாமல் வளர வேண்டும் என்று சித்தி வாழ்த்தியதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் உடன்பிறந்தவள்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் புதிய சுற்றறிக்கை வந்துவிட்டது. இனிமேல் சராசரி கிடையாதாம். ஒரு பிரிவு மொத்தமாக எத்தனை கிலோ குறைக்கிறது என்பதற்குத்தான் பரிசாம். படியேறி இறங்கியதில் வாசல் பலகையில் என் எண் கொஞ்சம் இறங்கியிருந்ததை எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். எங்கள் பழைய பிரிவில் ஒல்லிகளிடம் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? கையிருப்பு என்னிடம்தான். நேற்று சாயங்காலம் பிரிவுத் தலைவரே கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, "மேடம், உங்க இடம் உங்களுக்குத்தான். திங்கட்கிழமை மேல வந்துடுங்க. இதே வேகத்துல குறைஞ்சீங்கன்னா உங்களை அங்கேருந்து யாரும் அசைக்க முடியாது" என்றார். சரி சார் என்றேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. திட்டத்தில் எதையும் மாற்றிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இன்று காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடித்திருக்கிறேன்.