ஒரே ஒரு விளக்கம்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. "எல்லாம் சரிதான், ஒரே ஒரு விளக்கம்" என்று கேட்டே காலத்தை ஓட்டும் வகை. இவர்களைத் தேடி நீங்கள் காடு மேடெல்லாம் அலைய வேண்டாம். கோப்புகள் எங்கே குவிந்து கிடக்கின்றனவோ அங்கே, கூர் சீவிய பென்சிலுடன் உட்கார்ந்திருப்பார்கள்.

நம் கண்காணிப்பு அதிகாரி அந்த வகையில் முதல் தரம். அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டடம் கட்டவும் கருவி வாங்கவும் ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவர் உத்தியோகம். மாதம் தவறாமல் கூட்டம் போடுவார். மேசையைத் தட்டுவார். "பணம் தூங்குதுய்யா! நோயாளி மாடிப்படி ஏறியே சாகறான்!" என்று முழங்குவார். பொறியாளர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். சிரிப்பை வேறெங்கே ஒளிப்பது? பெரிய ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் வாங்கும் கோப்பு இரண்டு வருடமாக அவருடைய ஒப்புதலுக்குத்தான் காத்திருக்கிறது. ஒரு சந்தேகம் எழுதித் திருப்பி அனுப்புவார், பதில் வரும், அந்தப் பதிலிலிருந்து அடுத்த சந்தேகம் முளைக்கும். பத்துக் கேள்வியையும் மொத்தமாகக் கேட்டால் ஒரே வாரத்தில் பதில் வந்துவிடாதா? வந்துவிடும். அந்த ஆபத்து அவருக்குத் தெரியாதா என்ன?

வீட்டிலும் அதே கதைதான். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்றாள் மனைவி. என்ன உயரம், என்ன உலோகம் என்று எட்டு மாதம் ஆராய்ந்தார். ஒன்பதாவது மாதம் அவள் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள்.

எலும்புப் பிரிவு மூன்றாவது மாடியில். லிஃப்டுக்கென்று விட்ட இடத்தைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். இரண்டு ஊழியர்கள் அவளை நாற்காலியோடு தூக்க, எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி அதிகாரி பின்னால் மூச்சு வாங்கினார்.

"அண்ணே, திருப்பத்துல சாய்ச்சுப் பிடி. அம்மா சரிஞ்சுடப் போறாங்க."

"ஏம்ப்பா, லிஃப்ட் எப்ப வரும்?" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"யாரோ ஒரு ஆபீசர் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காராம்மா. அந்த மகராசனை ஒரு நாள் இந்த நாற்காலியைப் பிடிக்கச் சொல்லணும்."

அதிகாரி சட்டென்று எக்ஸ்ரேயை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள்.

ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மறுபடி நாற்காலி வந்தது.

"நான் லிஃப்டுலதான் இறங்குவேன்."

"விளையாடாதே. அதுக்கு மாசக்கணக்காகும்."

"ஆகட்டுமே. நீங்க கையெழுத்தைப் போடுங்க, நான் காத்திருக்கேன். சாப்பாடு இங்கேயே போடறாங்க."

அன்று மாலையே கோப்பு கட்டிலருகே வந்து சேர்ந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அதற்காகப் பேனாவைத் திறந்தார். முனை காகிதத்தைத் தொட்டது.

"போடுங்க."

"போடறேன், போடறேன். எல்லாம் சரிதான்..."

பேனா மூடிக்கொண்டது. கை சட்டைப் பையைத் துழாவியது. ஓரத்தில், அழகான சிறு எழுத்தில், பென்சிலால் எழுதினார்: 'நோயாளிகள் ஏறுவதற்கு லிஃப்ட் தேவை என்பது விளங்குகிறது. இறங்குவதற்கும் தேவையா? விளக்கம் தருக.'

அவள் இன்னும் மூன்றாவது மாடியில்தான் இருக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், "அது சரி, மூணு மாடிக்கு மொத்தம் எத்தனை படி?" என்று மனசுக்குள் ஒரு கணம் கேட்டுக்கொள்ளவில்லை என்று சத்தியம் செய்வீர்களா? எதற்கும் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். அப்படியே உங்கள் வீட்டுக் குளியலறைப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். கம்பி இருக்கிறதா?