தங்க உடம்பு

தங்க உடம்புக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். கவரிங் தோடு போட்டால் காது அரிக்கும், கடிகாரம் கட்டினால் மணிக்கட்டு தடிக்கும். ஆனால் அதை நோயென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தங்கத்தைத் தவிர வேறொன்றும் ஒத்துக்கொள்ளாது என்று அவர்கள் சொல்லும்போது, எல்லாம் ஒத்துக்கொள்கிற நம் தோலை நினைத்து நமக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

எங்கள் பதுளை பஸாரில் இந்த இனத்தின் தலைவி ஹம்ஸியா. கணவர் மொஹிதீனின் பேன்ஸிக் கடையில் கவரிங் தோடுகள் அட்டை அட்டையாகத் தொங்கும். கல்யாண வீடு, கத்தம் ஓதும் வீடு, பஸ் நிலையம், எங்கே இரண்டு பெண்கள் கூடினாலும் தன் காதைப் பற்றியும், அதே காதுதான் மகள் நளீராவுக்கும் என்பதைப் பற்றியும் பேசாமல் எழுந்து போகமாட்டார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ரெங்கம்மா, அந்தக் கடைத் தோட்டைப் போட்டுக் காது புண்ணாகி வந்து நின்றபோது ஹம்ஸியா என்ன சொன்னார் தெரியுமா? அது அழுக்காம். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமாம்.

எண்பத்து நாலாம் ஆண்டில் நளீராவின் தெத்துப்பல்லுக்குக் கம்பி கட்டக் கண்டிக்குப் போனார்கள். தோடு, கடிகாரம் போட்டால் பிள்ளைக்கு அரிக்குமா, அப்படியானால் கம்பியும் வாயில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று டொக்டர் விளக்கமாகவே கேட்டார். ஆயுளெல்லாம் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் ஹம்ஸியா. ஆனால் டொக்டர் பேனாவைத் திறந்துவிட்டாரே! கிளினிக் அட்டையில் எழுதினால் அது நோயாகிவிடும். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழுந்தால்?

"எங்கட குடும்பத்தில அப்படி ஒரு வருத்தமும் இல்ல டொக்டர்," என்றார்.

நளீரா காதைத் தடவினாள். உம்மா அவள் கையைத் தட்டிவிட்டார்.

கம்பி கட்டிய மூன்றாம் நாளே உதடு தடித்து, வாயெல்லாம் புண்ணாகி, பிள்ளை கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் அழுதது. தக்காளி, பலாக்கொட்டை, கண்ணூறு என்று ஹம்ஸியா ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டினார். கம்பி மட்டும் நிரபராதி.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்த ரெங்கம்மா, அங்கிருந்த நளீராவின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். கேலியில்லை, உண்மையான அக்கறை.

"அழுக்காத்தான் இருக்கும்மா. எனக்குச் சொன்ன மாதிரி சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்க."

கடையில் நாலு பேர் நின்றார்கள். ஹம்ஸியா தோட்டு அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். வீங்கிய வாயைத் திறந்தவள் நளீராதான்.

"அழுக்கில்ல அக்கா. உங்களுக்குத் தோடு மாதிரி, எனக்குக் கம்பி ஒத்துக்கல்ல."

மறுநாள் கண்டியில் கம்பியைக் கழற்றினார்கள், அட்டையிலும் எழுதினார்கள். தெத்துப்பல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஹம்ஸியா திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மகளுக்குக் கம்பிகூடத் தங்கத்தில்தான் கட்டவேண்டும் என்று டொக்டரே சொன்னதாக இப்போது பஸாரில் சொல்கிறார். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஊரெல்லாம் பெருமையாகச் சொன்ன எதையாவது நீங்கள் டொக்டரிடம் மட்டும் மறைத்ததே இல்லையல்லவா? அப்புறம் ஏன் காதைத் தடவுகிறீர்கள்?